சேவலை எங்கே கட்டலாம்?

மதியம் மூன்றே கால். சான் டெல்மோவில் அந்த நேரத்துக்கு யாரும் வேலை செய்வதில்லை, பலகாரம் தின்பார்கள். ஜுன்ஜுன் மட்டும் தன் டிரைசிக்கிளை மருத்துவமனை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கவண்டியில் மனாங் மிலாக்ரோஸ். அவர் மடியில் கால் கட்டிய ஒரு சேவல்.

"மனாங், துப்பறியறவங்க எல்லாரும் காசு வாங்கறாங்க. நாம சேவல் வாங்கறோம்."

"இது முன்பணம். ஜெயிச்சா கோழியும் உண்டு."

"தோத்தா?"

"சேவலைத் திருப்பிக் குடுக்கணும்."

சேவல் கூவியது.

"தோக்கறதுலதான் அதுக்கு விருப்பம்," என்றான் ஜுன்ஜுன்.

மிலாக்ரோஸ் சிரிக்கவில்லை. மாகாணத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போலீஸ் சிரித்து அனுப்பும் வழக்குகள் எல்லாம் இப்போது அவர் வீட்டு வாசலுக்கு வந்தன. ஊரே அவரை மனாங், அதாவது அக்கா, என்றது. பாதிரியார் உட்பட. பாதிரியாருக்கு வயது எழுபது.

சேவலைக் கொடுத்தது மருத்துவமனையின் சலவைக்கூடப் பெண்கள். வழக்கு, அவர்களோடு வேலை செய்யும் மாரிவிக்குடையது.

தொற்று நாட்களில் தனி வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை அறிவித்தது. நோய் வந்த வேகத்தில் பணம் வரவில்லை. மூன்று வருடம் கழித்து இப்போதுதான் வருகிறது. நடுவில் ஒரு புயல் வந்து வருகைப் பதிவேடுகளைக் கூழாக்கிவிட்டுப் போயிருந்தது. ஆகவே, யார் உள்ளே போனார்கள் என்பதற்கு மருத்துவமனை நிர்வாகி சொல்வதுதான் சாட்சி. எல்லாப் பெயரையும் நிரப்பிவிட்டார். வார்டுத் துப்புரவாளர் என்ற ஒரே ஒரு வரி மட்டும் காலி. நான்தான் என்றாள் மாரிவிக். நான்தான் என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அர்னெல். இரண்டு பேருமே இல்லை என்றார் நிர்வாகி. ஐந்து மணிக்குத் தலைநகர் வண்டி வந்து தாள்களை வாங்கிப் போகும். வெற்று வரிக்குப் பணம் கிடையாது.

மாரிவிக்கின் வீட்டுக்கு அந்தப் புயலுக்குப் பிறகு கூரை இல்லை. ஒரு பழைய தேர்தல் பதாகையைக் கட்டியிருந்தாள். மழை பெய்தால் வேட்பாளரின் மூக்கு வழியாக ஒழுகும்.

"அந்த ஆளு ஜெயிச்சப்பவும் அப்படித்தான் ஒழுகினாரு," என்றான் ஜுன்ஜுன். "நிர்வாகி ஆபீஸ் அங்க." உதட்டைக் குவித்து வராந்தாக் கோடியைக் காட்டினான். கைகள் வண்டியின் பிடியில் இருந்தன.

*

நிர்வாகி தியோதிமோவை எல்லாரும் சார் டியோ என்பார்கள். அடுத்த வருடம் ஓய்வு. மேசையில் பேனாக்கள் உயர வரிசையில் படுத்திருந்தன. அவர் ஒரு கையில் காபிக் கோப்பையும் மறு கையில் ரப்பர் முத்திரையுமாக நின்றிருந்தார். பேச்சு மிருதுவாக இருந்தது. இந்தத் தீவில் திட்டினாலும் தாலாட்டு மாதிரித்தான் கேட்கும்.

"மாரிவிக் உள்ள போகல, மனாங்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அர்னெல்?"

"அவன் ஆம்புலன்ஸ்லேருந்தே இறங்கினது இல்ல. நோயாளிங்க தாங்களே இறங்கி நடந்து வந்தாங்க."

"அப்ப வார்டை யாரு துடைச்சா? தேவதைங்களா?" என்றான் ஜுன்ஜுன்.

சார் டியோ அவனைப் பார்த்தார். பிறகு முத்திரையைப் பார்த்தார். "அந்த வரி காலியாவே போகும்."

"நீங்க எப்பவாவது உள்ள போயிருக்கீங்களா, சார்?" மிலாக்ரோஸ் கேட்டார்.

"அதிகாரிங்க அந்தக் கதவைத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு. நான் உத்தரவை மீறினது கிடையாது."

அது ஊருக்கே தெரியும். சொந்த மருமகனின் மோட்டார் சைக்கிளுக்கே நிறுத்தக் கட்டணம் வாங்கியவர்.

மிலாக்ரோஸ் எழுந்தார். சேவலை இடுப்புக்கு மாற்றினார். "இதை எங்க கட்டலாம், சார்? கை வலிக்குது."

சார் டியோ முழங்கையை ஜன்னல் பக்கம் தள்ளினார். வெளியே பலாமரம். கோப்பையில் காபி தளும்பியது.

வராந்தாவுக்கு வந்ததும் ஜுன்ஜுன் மூச்சு விட்டான். "ஒண்ணும் தேறல."

"தேறலையா?"

"சேவல் கட்ட ஒரு மரம் தேறிச்சு."

ஆனால் அவர் சேவலைக் கட்டவில்லை. தூக்கிக்கொண்டே நடந்தார்.

*

அர்னெல் ஆம்புலன்ஸ் நிழலில் உட்கார்ந்து பொரித்த வாழைப்பழ டுரோன் தின்றுகொண்டிருந்தான். விரலெல்லாம் சர்க்கரைப் பாகு.

"உள்ள எப்படி இருந்துச்சு, அர்னெல்?"

"போர்க்களம், மனாங். இன்னைக்கும் கனவுல வருது."

"கனவுலயும் தூங்கிக்கிட்டுத்தான் இருப்ப," என்றான் ஜுன்ஜுன்.

"உனக்கென்ன தெரியும், டிரைசிக்கிள்? நான் தொட்ட மாப்புக்குக் கணக்கே கிடையாது."

"சேவலை எங்க கட்டலாம்?" என்றார் மிலாக்ரோஸ்.

அர்னெல் உதட்டைக் குவித்துப் பலாமரத்தைக் காட்டினான். உதட்டிலும் பாகு.

"நன்றி," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். சேவல் இடுப்பிலேயே இருந்தது.

"மனாங், அந்த மரத்தை ரெண்டு பேரு காட்டிட்டாங்க. இன்னும் எத்தனை பேரு காட்டணும்? மரத்துக்கே கூச்சமா இருக்கும்."

*

அந்த வார்டில் இருந்த செவிலியர்களில் பாதிப்பேர் இப்போது லண்டனில். மீதி ரியாத்தில். டாக்டர் கனடாவில். ஊரில் எஞ்சியவள் கிளியோஃபே ஒருத்திதான். அவளுக்கும் விசா வந்துவிட்டது. பெட்டி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மாரிவிக் உள்ள இருந்தாளா, இண்டாய்?" மிலாக்ரோஸ் கேட்டார். இளம்பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இருந்தா, மனாங். சந்தேகமே இல்ல."

ஜுன்ஜுன் கையைத் தட்டினான். "முடிஞ்சுது. கோழி நமக்கு."

"முகத்தைப் பாத்தியா?"

"யாரு யாரு முகத்தைப் பாத்தா? எல்லாரும் வெள்ளை மூட்டை. கண்ணாடிக்குள்ள ஆவி. அதனால ஆளாளுக்கு முதுகுல மார்க்கரால பேரு எழுதிக்குவோம். அவ முதுகுல மாரிவிக்னு பெருசா எழுதியிருக்கும்."

"பேசினாளா?"

கிளியோஃபே யோசித்தாள். "அதான் ஆச்சரியம். வெளியில அவ வாயை மூட ரெண்டு பேரு வேணும். உள்ள ஒரு வார்த்தை கிடையாது. துடைப்பா, குப்பையை எடுப்பா, செத்தவங்க செருப்பை ஜோடி சேத்து வாசல்ல வைப்பா, போயிடுவா. பயத்துல ஊமையாயிட்டான்னு நினைச்சோம்."

மிலாக்ரோஸ் சேவலைத் தடவினார். "சரி. இதை எங்க கட்டலாம்?"

கிளியோஃபேயின் கைகள் சும்மாதான் இருந்தன. ஆனாலும் முழங்கையை மடக்கி ஜன்னலுக்கு வெளியே இடித்தாள். பலாமரம்.

"அதென்ன முழங்கை?"

அவள் தன் முழங்கையைத் தானே பார்த்துச் சிரித்தாள். "அட, இன்னும் போகல பாருங்க! வார்டு நோய், மனாங். மாஸ்க்குக்குள்ள உதட்டைக் குவிச்சா யாருக்குத் தெரியும்? மொதல் வாரம் டாக்டர் சிலிண்டரைக் காட்டறாரு, நான் ஜன்னலைத் திறக்கறேன். அவரு உள்ளுக்குள்ள உதட்டாலயே கத்தறாரு! கையைத் தூக்கவும் கூடாது, கையுறையெல்லாம் கிருமி. கடைசியில எல்லாரும் முழங்கைக்கு மாறினோம். வீட்டுல சோத்துப்பானையைக்கூட முழங்கையாலதான் காட்டறேன். எங்கம்மா என்னைக் கோழிங்கறாங்க."

*

வராந்தாவில் ஜுன்ஜுன் நின்றுவிட்டான். "அர்னெல் உதட்டால காட்டினான்!"

"காட்டினான்."

"பாகோட காட்டினான்! அப்ப அவன் உள்ளயே போகல!"

"இந்த ஊர்ல பொறந்த எவனுக்கும் விரலுக்கு முன்னாடி உதடு நீளும். அது நிக்கணும்னா அந்த வார்டுல கிடந்திருக்கணும்."

"அதான் ஆள் ஆளுக்குச் சேவலை நீட்டினீங்களா?"

"முதல்ல கை வலிச்சுதான் கேட்டேன். சார் ஆபீஸ்ல என்னமோ ஒண்ணு கண்ணுல உறுத்துச்சு. என்னன்னு தெரியல. அதனால கேட்டுக்கிட்டே போனேன்."

ஜுன்ஜுன் கேட்கவில்லை. சலவைக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

கொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவில் மாரிவிக் ஈரத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயதுப் பெண் துணி மூட்டைமேல் உட்கார்ந்து, பனையோலையில் சுற்றிய ஈபோஸ் அரிசிப் பலகாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்ததும் மாரிவிக் பேச ஆரம்பித்தாள். சேவல் தின்னுச்சா, தண்ணி குடிச்சுதா, நேத்து ராத்திரி வேட்பாளரு மூக்குல ஓட்டை பெருசாயிடுச்சு, சார் கிட்டப் பேசினீங்களா, நிக்கறீங்களே, உட்காருங்க.

உட்காருங்க என்றபோது, கை நிறைய ஈரத் துணியோடு, உதட்டைக் குவித்துப் பெஞ்சைக் காட்டினாள்.

ஜுன்ஜுன் உட்காரவில்லை. அவன் முகம் தொங்கியது.

"உதட்டால காட்டிட்டியே, மாரிவிக்!"

"வேற எதால காட்டணும்?"

"முழங்கையால! உள்ள போனவங்க எல்லாரும் முழங்கை! மாஸ்க்கு! உதடு தெரியாது! நீ முழங்கையைக் காட்டியிருந்தா எனக்கு இப்ப ஒரு கோழி கிடைச்சிருக்கும்!"

தொட்டிகள் கொதித்தன. மற்ற பெண்கள் கையை நிறுத்தினார்கள். மாரிவிக் துணியைக் கீழே வைத்தாள்.

"நீ உள்ள போகல," என்றார் மிலாக்ரோஸ். குரலை உயர்த்தவில்லை.

"போகல, மனாங்."

"என்கிட்டப் பொய் சொன்ன."

"பாதிப் பொய்." அவள் மகளைப் பார்த்தாள். "இவ வயித்துல இருந்தா. எங்க மாதிரி ஆளுங்களுக்கு வேலை இல்லாட்டிச் சம்பளம் இல்ல. நான் போறேன்னு கிளம்பிட்டேன். வாசல்லயே காவலாளி நிறுத்திட்டாரு. ஆபீஸ் உத்தரவாம். நீ வீட்டுக்குப் போ, உன் இடத்துக்கு வேற ஆளு போட்டாச்சுன்னாரு. மாசாமாசம் சம்பளம் மட்டும் வந்துச்சு. இவ பொறந்து, தவழ ஆரம்பிச்சப்புறம் சலவையில சேந்தேன்."

"அந்த ஆளு யாரு?"

"தெரியாது. ஏதோ ஏஜென்சின்னு நினைச்சேன். அப்புறம் கிளியோஃபே சொன்னா, முதுகுல என் பேரு இருந்துச்சுன்னு. என் பேரு உள்ள இருந்திருக்கு, மனாங். நான்தான் இல்ல. பேருக்காவது குடுக்க மாட்டாங்களான்னு பாத்தேன்."

குழந்தை ஈபோஸைப் பிரித்து முடித்து, ஓலையைச் சேவலுக்கு நீட்டியது.

"நீ சலவையில சேந்தப்ப வார்டு மூடியாச்சா?"

"எங்க மூடினாங்க! அப்பதான் ரெண்டாவது அலை. ஒரு நாளைக்குத் தொட்டி தொட்டியா வரும். ரத்தம், வாந்தி, எல்லாம்."

"மாஸ்க் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆனா இந்த ஆவியில அது ஒரு நிமிஷத்துல ஊறிடும். மூச்சு முட்டும். கழட்டிப் போட்டுட்டுத்தான் துவைச்சோம்."

மிலாக்ரோஸ் அங்கிருந்த ஐந்து பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு எழுந்து, சேவலைக் குழந்தையின் பக்கத்தில் விட்டார்.

"இனி இது தேவையில்ல. பாத்துக்க."

*

"தோத்தாச்சு," என்றான் ஜுன்ஜுன். படி ஏறிக்கொண்டிருந்தார்கள். "சார் டியோ சொன்னதுதான் நிஜம். ரெண்டு பேரும் உள்ள போகல."

"சார் டியோவுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு எல்லாம்..." அவன் நிறுத்தினான்.

"முதுகுல மாரிவிக்னு பேரு. உள்ள இருந்த நர்ஸே நம்பினா. டாக்டர் நம்பினாரு. ஊரே நம்புது. மாரிவிக் இல்லன்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் நிச்சயமாத் தெரியும்."

"காவலாளியை நிறுத்தச் சொன்ன ஆளு."

"அது போதாது. வேற ஆளு போட்டிருந்தா அந்த ஆளு பேரை எழுதியிருப்பாரே. வரி ஏன் காலி?"

ஜுன்ஜுன் யோசித்தான். யோசிக்கும்போது அவன் கை தானாக ஒரு காபிக் கோப்பையைப் பிடிப்பது போல உயர்ந்தது. மறு கை முத்திரையைப் பிடித்தது. முழங்கை வெளியே போனது.

"ஐயோ."

"ம்."

"ஆனா மனாங், அவரு கை ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சே! அதனாலதானே முழங்கை?"

"மேடு ஏறறப்ப உன் கை ரெண்டும் பிடியில இருந்துச்சு. எதால காட்டின?"

ஜுன்ஜுன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அவரு உதடு சும்மாத்தான் இருந்துச்சு," என்றார் மிலாக்ரோஸ்.

*

சார் டியோ உட்கார்ந்திருந்தார். முன்னால் தாள்கள். வெளியே தலைநகர் வண்டி வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் பலாமரத்தடியில் பான்சிட் நூடுல்ஸ் வாங்கித் தின்றுகொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்தால் கிளம்பிவிடுவான்.

"உத்தரவை மீறினது கிடையாது," என்றார் மிலாக்ரோஸ்.

"கிடையாது."

"ஒரு தடவைகூட?"

சார் டியோ பேனாக்களைச் சரிசெய்தார். அவை ஏற்கெனவே சரியாக இருந்தன.

"செத்தவங்க செருப்பை ஜோடி சேத்து வாசல்ல வைக்கறது," என்றார் மிலாக்ரோஸ். "அது மாரிவிக் பழக்கம் இல்ல, சார். அவ செருப்பே ஜோடியா இருக்காது."

சார் டியோ பேனாக்களிலிருந்து கையை எடுத்தார். பேசியபோதும் தாலாட்டுக் குரல்தான்.

"ஆள் கிடைக்கல."

"ஏஜென்சி?"

"எல்லாரையும் கேட்டேன். ரெண்டு மடங்கு தர்றேன்னேன். அந்தப் பொண்ணு பெரிய வயித்தோட வாசல்ல வந்து நிக்குது. அனுப்பிட்டேன். வந்ததாக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்டா வேலை நடந்திருக்கணும் இல்லையா? கணக்கு இடிக்கக் கூடாது."

"அதுக்காக நீங்களே மாப்பைத் தூக்கிட்டீங்க!" ஜுன்ஜுன் மேசைப் பக்கம் சாய்ந்தான். "மருமகன்கிட்ட நிறுத்தக் கட்டணம் வாங்கின மனுஷன்!"

"அதுவும் கணக்குதான்."

மிலாக்ரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப வரியில உங்க பேரை எழுதணும். அதான் நியாயம்."

"எழுதினா, நிர்வாகி எதுக்குத் துடைச்சான், துப்புரவாளர் எங்கன்னு கேப்பாங்க. அவ வாங்கின சம்பளத்தை எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. அவ எதை வித்துக் கட்டுவா? பதாகையையா?"

"அவ பேரை எழுதுங்களேன்," என்றான் ஜுன்ஜுன்.

"அவளுக்காக ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டாச்சு, தம்பி. அது குழந்தைக்காக. பணத்துக்காக இன்னொண்ணு போட மாட்டேன்."

வெளியே ஓட்டுநர் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

மிலாக்ரோஸ் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "சார், வார்டுத் துணி எங்க போச்சு?"

"சலவைக்கு."

"கிருமி என்ன, வார்டு வாசல்லயே நின்னு துணியை வழியனுப்பிச்சுதா?"

சார் டியோ நிமிர்ந்தார்.

"இந்தத் தாளோட வந்த ஊக்கத்தொகைச் சுற்றறிக்கையில என்ன இருக்கு? நோயாளியைத் தொட்டவங்க ஒரு வகை. நோயாளியோட பொருளைத் தொட்டவங்க அடுத்த வகை. பணம் பாதிதான், ஆனா உண்டு. நீங்க ரெண்டாவது வகையில ஒரு பேருகூட எழுதல. சலவையில அஞ்சு பொண்ணுங்க. அதுல மாரிவிக் ஒருத்தி. ரெண்டாவது அலை முழுக்கத் துவைச்சிருக்கா. இதுல ஒரு சொட்டுப் பொய் கிடையாது."

சார் டியோ அந்தப் பகுதியை விரலால் தொட்டுப் படித்தார். மறுபடி படித்தார். காது சிவந்தது.

"உள்ள போனவங்கன்னா அந்தக் கதவு மட்டும்தான்னு நினைச்சுட்டேன்," என்றார்.

"அந்தக் கதவுக்குள்ள போயிட்டு வந்தவருக்கு வேற கதவு கண்ணுல படாது."

அவர் எழுதினார். ஐந்து பெயர்கள். நான்காவது மாரிவிக். ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தினார். பிறகு மேலே போய், வார்டுத் துப்புரவாளர் என்ற வரியில், ஒரு நேர்கோடு கிழித்தார். அளவுகோல் வைத்து.

"பாதிக் கூரை," என்றான் ஜுன்ஜுன். "மூக்கு இருக்கற பக்கத்தை மட்டும் மூடலாம்."

வண்டி ஓட்டுநர் வந்து தாள்களை வாங்கிக்கொண்டு போனான். அவன் போன கதவு மூடுவதற்குள் மாரிவிக் உள்ளே வந்தாள். கை ஈரம். இடுப்பில் குழந்தை. குழந்தையின் கையில் சேவல், தலைகீழாக.

"சார், என் பேரை எடுத்துடுங்க," என்றாள், மூச்சு வாங்க. "நான் உள்ள போகல. உள்ள போனவங்க யாரோ, அவங்களுக்கே அது போகட்டும். சேவலையும் திருப்பிக் குடுக்க வேண்டாம், மனாங்கே வச்சுக்கட்டும். நான் இதைச் சொல்லத்தான்..."

"மூச்சு விடு," என்றார் சார் டியோ. "உட்காரு."

அவர் ஒரு கையால் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். மறு கை சும்மா இருந்தது. முழங்கை மட்டும் மடங்கி, சுவரோர நாற்காலியைக் காட்டியது.

மாரிவிக் நாற்காலியைப் பார்க்கவில்லை. முழங்கையைப் பார்த்தாள். ஜுன்ஜுன் வாயைத் திறந்தான். மிலாக்ரோஸ் அவன் காலை மிதித்தார்.

மாரிவிக் குழந்தையைக் கீழே இறக்கினாள்.

"சார், என் பேரை முதுகுல போட்டுக்கிட்டுப் போனது நீங்கதானா?"